கருப்பியின் இரத்தம்

ஜூலை 7, திங்கள்

வெயில். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. காட்டுத்தீப் புகைமூட்டம் வேறு. செரண்டா ஸ்டேஷனில் எதிர்த் தண்டவாளத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. தொண்டை கரகரப்பு.

கேஸ் தோங் (சிலிண்டர்) சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சிவாவின் வேலைச் சட்டை இரண்டுக்குப் பட்டன். மொட்டை வெயிலில் வைத்த எலுமிச்சை ஊறுகாயை எடுக்க வேண்டும் (மறந்துவிட்டேன்).

லேபில் இன்று புது வாடிக்கை. ஒட்டகம்! அசாம் ஜாவா பக்கம் ஒரு ஹாஜி ஒட்டகப் பண்ணை வைத்திருக்கிறாராம், சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பதற்கு. பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் மனித இரத்தம் பார்த்தேன். இந்த ரவாங் லேபில் ஏழு மாதமாக நாய், பூனை, ஆடு, மாடு. ஒட்டகம் இதுதான் முதல் தடவை. டா.செ. (டாக்டர் செல்வநாயகம், கால்நடை டாக்டர், என் முதலாளி) குழாயை மேசையில் வைத்துவிட்டு, "கலா, பொம்பிளை ஒட்டகம், ஒரு கிழமையாச் சாப்பிடேல்லை. கெதியாப் பார்த்துச் சொல்லுங்கோ" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே போனார். அவருக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை.

மெஷினில் நாய், பூனை, மாடு, குதிரை என்று நான்கு தேர்வுகள். ஒட்டகம் இல்லை. குதிரையை அழுத்தினேன். உயரமான பிராணிதானே!

வெள்ளையணுக்கள் இருக்க வேண்டியதைப் போல ஏழெட்டு மடங்கு. மனிதனுக்கு இப்படி வந்தால் புற்றுநோய் வார்டுக்குப் போன் போடுவோம். ஸ்லைடை ஒரு பார்வை பார்த்தேன். சிவப்பணுக்கள் அத்தனையும் நீள்வட்டம், பூசணி விதை மாதிரி. மனிதர்களில் சிலருக்கு முட்டை வடிவ அணுக்கள் உண்டு, நம் ஊரில் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று விடாமல் எல்லாமா? ஏதோ பிறவிக் கோளாறு.

ரிப்போர்ட்டில் எழுதியது: வெள்ளையணுக்கள் மிக அதிகம். சிவப்பணு வடிவம் கோளாறு. இரத்தம் கெட்டியாகவில்லை, ஆகவே உடலில் நீர் வற்றவில்லை. கையெழுத்து.

5.40 கொமுட்டர் ரயிலைப் பிடித்துவிட்டேன். உட்கார இடமும் கிடைத்தது.

ஜூலை 8, செவ்வாய்

புகை இன்னும் மோசம்.

காலையில் டா.செ. ஹாஜியோடு போனில் பேசியது காதில் விழுந்தது. மலாயில், மெதுவாக. சனிக்கிழமை காலை. ஊசி. வலி தெரியாது. மற்ற நான்கு ஒட்டகங்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

போனை வைத்ததும் கேட்டேன். "இரத்தப் புற்று, இல்லாட்டி பொல்லாத தொற்று. தொற்றெண்டால் மற்றதுகளுக்கும் வரும். ஒண்டை விட்டு நாலைக் காப்பாத்துறதுதான் புத்தி" என்றார். "உங்கட ரிப்போர்ட்டிலயே தெளிவா இருக்குதே."

என் ரிப்போர்ட். பதினாறு வருஷத்தில் என் கையெழுத்தால் மட்டும் எந்த உயிரும் போனதில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு மேல் இன்னொருவர் பார்ப்பார், அதற்கு மேல் ஒரு டாக்டர். இங்கே நான், மெஷின், 5.40 ரயில்.

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஸ்லைடை மறுபடி வைத்தேன். இந்த முறை நிதானமாக, வரி வரியாக. வெள்ளையணு ஏழெட்டு மடங்கு என்றால் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான் நிற்க வேண்டும். தேடித் தேடித்தான் ஒன்று கிடைத்தது. பிறகு வெகு தூரம் போய் இன்னொன்று.

மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

மெஷின் வெள்ளையணுவை எப்படி எண்ணும்? முதலில் ஒரு திரவத்தை ஊற்றிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடையாமல் மிச்சம் நிற்பதெல்லாம் வெள்ளை என்று கணக்கு. நாய்க்குச் சரி, மனிதனுக்கும் சரி. இந்தச் சிவப்பணுக்கள் உடையவே இல்லை என்றால்?

சோதித்தேன். ஆறு குழாய், உப்புத் தண்ணீர், ஒன்றைவிட ஒன்று நீர்த்தது. உப்பு குறையக் குறைய அணுவுக்குள் தண்ணீர் புகும், ஊதும், வெடிக்கும். முதலில் ஒரு நாயின் இரத்தம். மூன்றாவது குழாயிலேயே வெடித்து, ரோஸ் சிரப் மாதிரி தெளிந்துவிட்டது. அடுத்து ஒட்டகம். மூன்றாவது கலங்கல். நான்காவதும் கலங்கல். ஐந்தாவது, கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், அதிலும் கலங்கல்! ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஊதிப்போய், உருண்டு திரண்டு, முழுசாக நிற்கின்றன. ஆறாவதில்தான் போனால் போகிறதென்று உடைந்தன.

எழுந்து நின்றுவிட்டேன். தனியாக, லேபில், கையில் குழாயோடு. எத்தனை ஆயிரம் பேர் இரத்தம் பார்த்திருப்பேன், இப்படி ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறேன். உடல் சிலிர்த்தது. வெட்கமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில்.

அதற்குள் டா.செ. வெளியே போய்விட்டார். போன் எடுக்கவில்லை. நாளை முதல் வேலை.

ஜூலை 9, புதன்

தூக்கமில்லை. நேற்று இரவு சிவா ஷிப்ட்டிலிருந்து வந்து முழுக்கதையும் கேட்டுவிட்டு, "தப்புன்னு தெரிஞ்சா சொல்லிடு லா. வேல போனா இன்னொன்னு பாத்துக்கலாம். ஒட்டகம் போனா வருமா?" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இவர் சொன்னதிலேயே நல்ல வார்த்தை. அவரிடம் சொல்லவில்லை.

(நேற்று இரவு எழுதவேண்டியதை இங்கே எழுதுகிறேன். வரிசை தப்பு. போகட்டும்.)

டா.செ.யிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். ஆறு குழாயையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிக்கிற காலத்தில ஒரு வகுப்பில சொன்னவை. ஒட்டகத்தின்ர சிவப்பணு நீளம் எண்டு. நாப்பது வருஷமாச்சு. ஒட்டகம் எங்க வரப்போகுது எண்டு விட்டுட்டன்."

"பிழை என்னுடையது டாக்டர்."

"வாசிச்சது நான்."

பிறகு அவரே கேட்டார்: "சரி, புற்று இல்லை. அப்ப ஏன் சாப்பிடேல்லை? இண்டைக்குப் படுத்திட்டுதாம். ஹாஜி முடிவெடுத்திட்டார். வெறுமனே 'மெஷின் பிழை' எண்டு சொன்னால் நம்புவாரோ?"

பண்ணையிலிருக்கும் மற்ற நான்கின் இரத்தத்தையும் எடுப்போம் என்றேன். நல்ல உடம்போடு இருக்கிற ஒட்டகத்தின் இரத்தம் எப்படி இருக்கும் என்றே நமக்குத் தெரியாதே, நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒத்துக்கொண்டார். நாளை.

கேஸ் தோங் வந்தது. விலை ஏற்றம்.

ஜூலை 10, வியாழன்

டா.செ. காரில் புக்கிட் ரோத்தான் வழியாக அசாம் ஜாவா. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், பாமாயிலுக்கு. பழைய ரப்பர் கிடங்கு ஒன்றை ஒட்டிப் பண்ணை.

ஒட்டகங்கள்! படத்தில் பார்ப்பது வேறு. பக்கத்தில் நின்றால் வேறு. இரட்டை வரிசை இமை மயிர். மூக்கை வேண்டும்போது மூடிக்கொள்கிறது. என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை. பழைய ஆஸ்பத்திரி மேட்ரன் ஞாபகம்.

இருப்பவை: ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழுப்பு ஆண்கள் இரண்டு. வெளிறிய ராஜஸ்தான்காரி ஒன்று, காலெல்லாம் குச்சி, ஓடுவதற்கென்றே வளர்த்த இனமாம். இரண்டு திமிலோடு ஒன்று, குளிர்நாட்டு இனம், இந்த வெயிலில் மயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டிப் பழைய மெத்தை மாதிரி நிற்கிறது. தனிக் கொட்டகையில் கருப்பி. அரபு நாட்டுக் கருப்பு இனம். சினை.

பார்த்துக்கொள்பவர் முனியாண்டி அண்ணன். தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் ஸ்டோரில் வேலை (ரப்பர் பாலை நிறுத்து வாங்குகிற இடம்), கூடவே மாடு வளர்த்தவர். கருப்பி பக்கத்தில் குந்தியிருந்தார்.

"சினையா இருக்குன்னு ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதாம்மா தனியா பிரிச்சு இங்க கொண்டாந்தேன். புதுசா பீப்பாயெல்லாம் வாங்கி தண்ணி வச்சேன். வந்த மூணு நாள்ல வாய மூடிக்கிச்சு. காஞ்ச புல்லு, தீவனம், எதையும் தொடல."

"தண்ணி குடிக்குதா அண்ணே?"

"அதெல்லாம் குடிக்குது. ரொப்பி வச்சா மறுநா காலையில பீப்பா காலி."

டா.செ. கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. ஆனால் என் ரிப்போர்ட்டில் இரத்தம் கெட்டியாகவில்லையே! நோயின் சோர்வு என்று முடிவு செய்தார். அண்ணன் மளிகைக்கடைக் காலண்டரில் தினமும் காய்ச்சல் குறித்து வைத்திருந்தார். காலையில் 35, சாயங்காலம் 40. "அந்திக்கு அந்தி காய்ச்சல்" என்றார் டா.செ. "மூத்திரம் வேற தேன் மாதிரி கெட்டியா போவுது" என்றார் அண்ணன்.

ஐந்திலும் இரத்தம் எடுத்தோம். இரட்டைத் திமில் என் தோளில் துப்பியது. பச்சை, நாற்றம்.

கருப்பிக்கு எடுக்கும்போது தலையை என் மடியில் வைத்துவிட்டாள். கனம். அசையவில்லை. "நாளன்னிக்கு இந்நேரம் இது இருக்காது" என்றார் அண்ணன், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு.

வேறு: பீப்பாய்க்குப் பின்னால் சேற்றில் கால் வைத்து ஷூ நாசம். அந்தக் கொட்டகையில் நின்றபோது அப்பா ஞாபகம் வந்தது, ஏனென்று தெரியவில்லை. அவர் போய் ஒன்பது வருஷம்.

ஜூலை 11, வெள்ளி

மெஷின் கணக்குப்படி பண்ணையில் ஐந்து ஒட்டகமும் புற்றுநோயாளிகள். மூன்றுநாள் பட்டினி கிடந்தவன் மாதிரி தின்கிற ஆஸ்திரேலியர்களும் சேர்த்து. சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

கையால் எண்ணியது:

பழுப்பு இரண்டும்: வெள்ளையணு அளவோடு. சிவப்பு நீள்வட்டம், சிறியது, ஆனால் எண்ணிக்கை ஏராளம்.
ராஜஸ்தான்காரி: அதே. சிவப்பு கொஞ்சம் கூடுதல். ஓட்டக்காரி.
இரட்டைத் திமில்: பாலைவனம் வேறு, குளிர் வேறு, மயிர் வேறு. அணு மட்டும் அச்சு அசல் அதே நீள்வட்டம்! உப்புச் சோதனையிலும் ஐந்தாம் குழாய்வரை நின்றது.
கருப்பி: அதே. குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கெங்கோ பிறந்து, அசாம் ஜாவா செம்பனை நடுவில் வந்து நிற்கிற ஐந்து பிராணிகள், உள்ளே ஒரே அச்சு. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு இப்படி வந்ததில்லை.

ஆனால் கருப்பி சாப்பிடவில்லையே. காரணம் இல்லாமல் ஹாஜி மனம் மாறமாட்டார் என்கிறார் டா.செ. நாளை காலை எட்டு மணி.

மத்தியானம் முழுக்கக் கணினியில் ஒட்டகம் பற்றித் தேடிப் படித்தேன். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் சதையிலிருந்து கொடுக்கும், குடலிலிருந்து கொடுக்கும், இரத்தத்திலிருந்து மட்டும் லேசில் கொடுக்காது. மற்றப் பிராணிகளுக்குக் கெட்டியாகிற அளவு வற்றினாலும் அதன் இரத்தம் ஓடிக்கொண்டேயிருக்கும். வியர்வையை மிச்சம் பிடிக்க உடம்பைக் காலையில் குளிரவிட்டு, அந்திவரை சூடேறவிடும். தாகம் கூடக்கூட அந்த ஏற்ற இறக்கமும் கூடும். மூத்திரம் பாகாகும். காய்ந்த தீனியைத் தொடாது.

35. 40. தேன்.

காய்ச்சல் இல்லை. தாகம்! செத்துப்போகிற அளவு தாகம், அதை இரத்தம் நமக்குக் காட்டாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதன் வலிமையைத்தான் நான் "நீர் வற்றவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் பீப்பாய்த் தண்ணீர் எங்கே போகிறது? ஷூவைப் பார்த்தேன். சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. மூன்று வாரமாக மழையே இல்லாத ஊரில் சேறு.

முனியாண்டி அண்ணனுக்குப் போன். "அண்ணே, அந்தப் பீப்பாய் பின்னால போய்ப் பாருங்க. அடியில குழாய் இருக்கா?"

நடக்கிற சத்தம். பிறகு, "இருக்கும்மா. சொட்டுச் சொட்டா ஒழுவுது. ராத்திரியெல்லாம் ஓடுனா முழுசும் போயிரும் போலயே... ஐயையோ."

"அது குடிக்கவே இல்லண்ணே. பீப்பாய் எங்க வாங்குனீங்க?"

"பக்கத்து கெடங்குலதான். பால் கெட்டுப்போவாம இருக்க மருந்து வச்சிருந்த பீப்பா. நல்லா கழுவிட்டேன்."

அமோனியா. அப்பா ஞாபகம் ஏன் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பால் ஸ்டோர் வேலை முடித்து வந்து அப்பா கழற்றிப் போடும் சட்டை. அந்தக் கொட்டகை முழுக்க அந்த வாசம்தான் அடித்திருக்கிறது. எனக்கு அது நாற்றமாகவே படவில்லை, வீடாகப் பட்டது.

"வாசம் வரலையா அண்ணே?"

"எனக்கா? நாப்பது வருசம் அதுலயே நின்ன மூக்கும்மா. நான் மோந்துதான் பாத்தேன், ஒண்ணுமே தெரியல."

டா.செ.க்கு ஜலதோஷம். அண்ணனுக்கு மூக்கு செத்துவிட்டது. எனக்கு அப்பா. மூன்று பேரும் அந்தக் கொட்டகையில் நின்றோம். வாசம் தெரிந்த ஒரே ஜீவன் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

அண்ணன் அழுதுவிட்டார். இப்போதே தண்ணீர் வைக்கச் சொன்னேன், புது வாளியில். வைத்தாராம். கருப்பி தலையைத் திருப்பிக்கொண்டாளாம். இடம் முழுக்க அந்த நெடிதானே. நகர்த்தவும் முடியவில்லை, எழவில்லை.

டா.செ.யிடம் சொன்னேன். "காலமை அஞ்சு மணிக்கு வெளிக்கிடுவம்" என்றார்.

ஜூலை 12, சனி

டா.செ. செரண்டாவுக்கே வந்து ஏற்றிக்கொண்டார். ஊசிப் பெட்டி பின் சீட்டில்.

ஹாஜி முன்னாலேயே வந்திருந்தார். அறுபதுக்கு மேல், வெள்ளைத் தொப்பி. டா.செ. மலாயில் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: முதல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது யார்?

டா.செ. வாயெடுக்குமுன் "நான்தான்" என்றேன். ஹாஜி என்னை ஒரு பார்வை பார்த்தார். எட்டு மணிவரை நேரம் இருக்கிறது என்றார்.

பீப்பாயை அப்புறப்படுத்தினோம். தரையைக் கழுவிவிட்டோம். கித்தான் துணியைக் கருப்பி வயிற்றுக்கடியில் விட்டு, நாங்களும் பண்ணை ஆட்களுமாக எட்டுப் பேர் இழுத்து, தள்ளி, கெஞ்சி, திட்டி, மரத்தடிக்குக் கொண்டுவர ஏழே கால். என் பேன்ட் முட்டியில் கிழிந்தது. அண்ணன் புது வாளியில் கிணற்றுத் தண்ணீர். முதலில் அவரே இரண்டு கை அள்ளிக் குடித்துக் காட்டினார்.

"பாரு, நானே குடிக்கிறேன். ஒண்ணுமில்ல. குடி தாயி."

மோந்தாள். மூக்கை மூடினாள். திறந்தாள். மறுபடி மோந்தாள்.

பிறகு உதட்டை உள்ளே விட்டாள்.

அந்தச் சத்தம்! கழுத்து நீளத்துக்கும் ஒன்றன்பின் ஒன்றாக முடிச்சு இறங்குவது வெளியில் தெரிகிறது. வாளி காலி. இன்னொன்று. இன்னொன்று. நான்காவதில் அண்ணன் பயந்துவிட்டார். "டாக்டர், போதும் டாக்டர், மாடா இருந்தா இந்நேரம் செத்துருக்கும்." மாடாக இருந்தால் அவ்வளவு தண்ணீர் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து அணுக்கள் வெடித்துவிடும். "இது மாடில்லை. விடுங்கோ" என்றார் டா.செ.

பத்து லிட்டர் வாளி. பதினொன்று. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒட்டியிருந்த விலா எங்கள் கண்ணெதிரிலேயே நிரம்பியது. ஹாஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ ஓதினார். எனக்குத் தெரியாத வார்த்தை, ஆனால் நான் நினைத்ததைத்தான் சொன்னார் என்று பட்டது.

எட்டு மணிக்குக் கருப்பி முன்னங்காலை ஊன்றினாள். எட்டு ஐந்துக்கு நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு குழாய் இரத்தம் எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். எதற்கு என்றார் டா.செ. பார்க்க வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை, லேபில் யாரும் இல்லை. மெஷினைப் போடவில்லை. அதன் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டினேன்: ஒட்டகம் - கையால் மட்டும்.

ஸ்லைடு. நீள்வட்டங்கள் கொஞ்சம் தடித்திருந்தன, சில உருண்டையாகவே ஆகியிருந்தன. நூற்றுப்பத்து லிட்டர் தண்ணீர் குடித்த உடம்பின் அணுக்கள். வரி வரியாகப் போனேன், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பிறகு மறுபடி. உடைந்தது ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை.

முதல் ரிப்போர்ட்டின் மேல் குறுக்கே கோடு போட்டு, தப்பு என்று எழுதி, கீழே முழுப்பெயர்: கலைவாணி த/பெ மாரிமுத்து. அப்பா பெயரோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மணி பார்த்தேன். 5.40 எப்போதோ போய்விட்டது. இன்னொரு முறை ஸ்லைடைப் பார்க்க உட்கார்ந்தேன்.